பாதிப் பேர் எழுந்து போனால் நாடகம் தோற்றுவிட்டதா?

தம்பி, நீங்கள் கேட்டது இது. மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் உங்கள் குழு போட்ட இசை நாடகத்தில் கதை என்று ஒன்று கிடையாது, பல்லவி சரணம் வைத்த பாட்டும் கிடையாது; உருமி மேளம், ரப்பர் பால் பிடிக்கிற மங்கு, வாளி, மனிதக் குரல், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கூட்டம் கலைய ஆரம்பித்து, முடியும்போது பாதி நாற்காலி காலி. சிலர் சிரித்தார்கள். ஒருவர் "பாட்டு எப்பப்பா வரும்?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டே விட்டார். மறுநாளிலிருந்து ஊரில் இரண்டு கட்சி: நாடகம் படுதோல்வி என்று ஒன்று, நம்ம சனங்களுக்கு ரசனை போதாது என்று இன்னொன்று. எது சரி என்கிறீர்கள்.

எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நானும் அன்றைக்குப் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். மேடையைப் பார்த்த அளவுக்குக் கூட்டத்தையும் பார்த்தேன், ஏனென்றால் இந்த மாதிரி நாடகங்களில் பாதி விஷயம் கூட்டத்தில்தான் நடக்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் ஆறுதலுக்குப் பாரிஸ் கதையைச் சொல்லியிருப்பார்கள். 1913 மே 29, ஷான்ஸ் எலிசே அரங்கு, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு', நிஜின்ஸ்கி அமைத்த நடனம். பசூன் என்ற ஊதுகுழல் தன் வழக்கத்துக்கு மீறிய மேல் சுரத்தில் ஆரம்பித்ததுமே முணுமுணுப்பு, அப்புறம் சிரிப்பு, அப்புறம் கூச்சல். ஆடுகிறவர்களுக்கு வாத்தியமே கேட்காமல் போக, நிஜின்ஸ்கி மேடையின் ஓரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று தாளத்தை எண்ணிக் கத்தினார். கம்பெனி முதலாளி தியாகிலெவ் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். இசையை நடத்திய பியேர் மோந்த்தோ மட்டும் அசையாமல் கடைசி வரை நடத்தி முடித்தார். இதைச் சொல்லிவிட்டு, பெரிய படைப்பு எல்லாவற்றையும் முதலில் திட்டத்தான் செய்வார்கள், கவலைப்படாதே என்று தோளைத் தட்டுவார்கள்.

இந்தக் கதையில் வசதியாக விட்டுவிடுகிற பகுதிகள் இரண்டு. அந்த இரவு நிகழ்ச்சி நிரலில் முதலில் இருந்தது ஷோபான் இசைக்கு வெள்ளை உடை உடுத்தி ஆடும் மென்மையான பாலே. கூட்டம் அதில் மயங்கி உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல், காலை உட்பக்கம் திருப்பித் தரையை மிதித்து ஆடுகிறவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டாவது, 1914 ஏப்ரலில் அதே பாரிஸில், அதே மோந்த்தோ, அதே இசையை நடனம் இல்லாமல் கச்சேரியாக நடத்தினார். அன்றைக்குக் கூட்டம் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனது. ஒரு வருடத்துக்குள் பாரிஸ்காரர்களின் ரசனை தலைகீழாக மாறிவிடுமா? வந்தவர்களுக்கு இந்த முறை எதைக் கேட்க வந்திருக்கிறோம் என்று தெரிந்திருந்தது. நடனமும் இல்லை என்பதை மறுக்கவில்லை, ஆனாலும் முன்னால் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று இருக்கிறது. இசை நாடகம் இல்லை, ஆனால் நம்ம விஷயத்துக்கு அச்சாகப் பொருந்தும். பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்', இரண்டு பேர் ஒரு மரத்தடியில் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள், அந்த ஆள் வருவதே இல்லை, அதுதான் நாடகம். அமெரிக்காவில் அது முதலில் மேடையேறியது 1956 ஜனவரியில், மயாமி பக்கத்தில், குளிர்கால விடுமுறைக்கு வந்த பணக்காரக் கூட்டத்துக்கு. இரண்டு கண்டங்களையும் சிரிக்க வைத்த நாடகம் என்று விளம்பரம் செய்துவிட்டார்கள். இடைவேளைக்குள் பெரும் பகுதி கூட்டம் வெளியேறிவிட்டது. அடுத்த வருடம் நவம்பர் 19ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோ குழு ஒன்று அதே நாடகத்தை சான் குவென்டின் சிறைக்குள் போட்டது. கிட்டத்தட்ட 1,400 கைதிகள். 1913க்குப் பிறகு அந்தச் சிறையில் நாடகமே நடந்ததில்லை. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம், அதில் பெண் வேடம் இல்லை என்பதுதான்! படித்தவர்களே பாதியில் ஓடிய நாடகத்தைக் கைதிகள் கடைசி வரை இருந்து பார்த்தார்கள்.

காத்திருப்பது என்றால் என்ன என்று கைதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நாடகம் ஆரம்பிக்கும் முன் இயக்குநர் ஹெர்பர்ட் பிளா மேடைக்கு வந்து, இதை ஜாஸ் இசையைக் கேட்கிற மாதிரி கேளுங்கள், அதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் கொஞ்சம் பேசினார். அர்த்தம் சொல்லவில்லை, எப்படி உட்கார வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இது யாருடைய வேலை? நம்ம கட்டியக்காரன் வேலை! தெருக்கூத்தில் துரியோதனன் வருமுன் வந்து, யார் வரப்போகிறார்கள், என்ன நடக்கப்போகிறது என்று கூட்டத்தோடு பேசி, கிண்டல் செய்து, கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறவன். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த நாடகங்களில் பபூன் இதைச் செய்வார். வள்ளி திருமணம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதற்கே ஒரு ஆள் வந்து முன்னால் பேசுகிறார் என்றால், கதையே இல்லாத உங்கள் நாடகத்துக்கு எவ்வளவு பேசியிருக்க வேண்டும்? சோதனை நாடகம் என்றால் விளக்கம் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று யாரோ உங்கள் பிள்ளைகள் மனதில் போட்டிருக்கிறார்கள். கட்டியக்காரன் பேசி ஒரு கூத்தும் தரம் கெட்டதில்லை.

இப்போது உங்கள் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மேலே ஆர்மோனியம் மிருதங்கம் படம், கீழே 'மாபெரும் இசை நாடகம், குடும்பத்துடன் வாரீர்'. நாற்பது ஐம்பது வயதுக்காரர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த நாடகம் ஞாபகம் வரும், ஆர்மோனியக்காரர் எடுத்துக்கொடுக்க ராஜபார்ட் ஒரு விருத்தம் பாடி நிறுத்தினால் கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும், அந்த எதிர்பார்ப்போடு பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார். வந்தால் கதவைச் சாத்தி, விளக்கை முழுக்க அணைத்து, பத்து நிமிடம் மங்கில் கத்தி படும் சத்தம் மட்டும். "பாட்டு எப்பப்பா வரும்?" என்று கேட்டவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நோட்டீஸில் போட்டதைத்தானே அவர் கேட்டார்.

கதவு விஷயத்தை விடமாட்டேன். கழிவறைக்குப் போக எழுந்த பெண்ணை வாசலில் நின்ற தம்பி "போனா திரும்ப உள்ள விடமாட்டோம்" என்று சொன்னதை நான் காதாலேயே கேட்டேன். அந்தப் பெண் குழந்தையோடு போனவள் வரவே இல்லை. 1976 ஜூலை 25, பிரான்சில் அவிஞோன் விழாவில் இசையமைப்பாளர் பிலிப் கிளாஸும் இயக்குநர் ராபர்ட் வில்சனும் போட்ட 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' தெரியுமா? கதை கிடையாது, பாடகர்கள் பாடுவது பெரும்பாலும் எண்களையும் சுரப் பெயர்களையும். ஏறத்தாழ ஐந்து மணி நேரம், இடைவேளை இல்லை. ஆனால் கூட்டம் இஷ்டத்துக்கு வெளியே போய் வரலாம் என்பதையே நாடகத்தின் விதியாக வைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கை வாடகைக்கு எடுத்துப் போட்டபோது அரங்கு நிரம்பியது, அப்படியும் கடன் மிஞ்சி, கிளாஸ் திரும்பவும் டாக்சி ஓட்டப் போனார் என்பது வேறு கதை.

அவர்கள் புதுமை என்று செய்ததை நம்ம ஆட்கள் காலாகாலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். தோட்டத்துத் திடலில் பாயை விரித்து, பிள்ளையை மடியில் போட்டு, நடுவில் எழுந்துபோய் காப்பி குடித்து, கொஞ்சம் தூங்கி, பபூன் சத்தம் கேட்டு எழுந்து, விட்ட இடத்தைப் பக்கத்து அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுபடி பார்ப்பார்கள். நாடகம் நடக்கும்போது பேசுவதும் பார்ப்பதில் சேர்த்திதான். இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவதுதான் நாகரிகம் என்பது ஐரோப்பாவிலேயே ரொம்பப் பழைய வழக்கம் கிடையாது. அங்கேயும் அரங்கில் வெளிச்சம் இருந்தது, பேச்சு இருந்தது, சாப்பாடு இருந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1876இல் பாய்ரோய்ட்டில் திறந்த அரங்கில் பார்ப்பவர் பக்கத்து விளக்கை அணைத்த பிறகுதான் அந்தப் பழக்கம் பலமாகப் பரவியது. நீண்ட நேர நாடகத்தைப் போய் வந்து பார்க்கத் தெரிந்த ஒரு கூட்டத்தை, அவர்களுக்குப் பழக்கமில்லாத விதியில் கட்டி உட்கார வைத்துவிட்டு, பார்க்கத் தெரியவில்லை என்கிறோம்.

சரி, அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் பெரட்டுக் காட்சி, அதாவது விடியும் முன் தோட்டத்து ஆட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. எட்டுப் பேர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் வரிசையாக நிற்கிறார்கள், தோட்டத்துக் கணக்கர் கிராணி, ஆட்கள் பெயர் எழுதிய செக்ரோலில் இருந்து பெயர் கூப்பிடுகிறார், ஒவ்வொருவரும் ஒரே சுரத்தில் "வந்தாச்சு" என்கிறார்கள், சொல்லும்போது விளக்கு எரிகிறது. போகப் போக பெயர் மட்டும் வருகிறது, பதில் இல்லை, விளக்கும் இல்லை. தோட்டத்தைத் துண்டாடியதும், பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்ததும், குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்ததும் ஒரு வசனம் இல்லாமல் அந்த இடத்தில் வந்துவிட்டது. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை போட்டவர், கூப்பிட்ட ஒரு பெயருக்கு "இருக்கேன்" என்று குரல் கொடுத்தார். அது அவர் பெயராக இருந்திருக்கலாம், அவர் அண்ணன் பெயராகவும் இருந்திருக்கலாம். பின்னால் இருந்த இளவட்டம் சிரித்தது. மேடையில் கிராணியாக நடித்த பையன் தடுமாறிவிட்டான், அடுத்த பெயரை வேகமாகப் படித்துக் கடந்துவிட்டான்.

தம்பி, அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்க வேண்டும். பெரியவர் பக்கம் திரும்பிப் பார்த்துச் செக்ரோலில் ஒரு குறி போட்டிருந்தால் போதும், மண்டபம் முழுக்க உங்கள் கையில் வந்திருக்கும். உங்கள் நாடகம் வேலை செய்ததற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியாது. நீங்கள் எழுந்து போனவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த ஒருவரை யாராவது போய்ப் பார்த்தீர்களா?

இளவட்டம் சிரித்ததையும் கேலி என்று எழுதி வைத்துவிடாதீர்கள். தாத்தா திடீரென்று சபையில் குரல் கொடுத்தால் பேரனுக்குக் கூச்சம் வரும், கூச்சத்துக்கு நம்ம ஊரில் சிரிப்புதான் வெளியேறும் வழி. வாளி தூக்கும் காட்சியில் வந்த சிரிப்பு வேறு, அதில் கேலி இருந்தது, அதற்கு நியாயமும் இருந்தது. தோளில் வைக்கிற காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி மாட்டி அந்தப் பெண் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், வாளி காலி என்பது நடையிலேயே தெரிந்தது. தோளில் பாரம் இருந்தால் முழங்கால் மடங்கும், காலடி சின்னதாகும், ஒரு கை கம்பைப் பிடிக்கும், இன்னொரு கை வாளி ஆடாமல் பார்த்துக்கொள்ளும். உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் அதை வருடக்கணக்கில் தூக்கியவர்கள். அவர்கள் முன்னால் காலி வாளியோடு அவ்வளவு நேரம் நடந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தண்ணீர் நிரப்பித் தூக்கச் சொல்லுங்கள், அதே நீளம் ஓடினாலும் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், வாளித் தண்ணீரின் சத்தமே தாளமாகிவிடும்.

அப்புறம் உருமி. இதுதான் ஊரில் அதிகம் புகைந்த விஷயம். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அடிக்கிற அதே உருமியை நீங்கள் மெதுவாக, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு, வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து உறும விட்டீர்கள். கேட்க அற்புதமாக இருந்தது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து கைகூப்பி நின்றுவிட்டார், அவர் உடம்பு ஆட ஆரம்பித்ததைப் பார்த்து மகள் பிடித்து உட்கார வைத்தாள். இன்னொரு பக்கம் இரண்டு அண்ணன்மார், சாமி மேளத்தை விளையாட்டுக்கு அடிக்கிறார்கள் என்று முகம் சிவந்து வெளியேறினார்கள். பாட்டியும் அண்ணன்மாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: அந்த ஒலியை முழு மனதோடு எடுத்துக்கொண்டார்கள். உருமி கேட்டால் அருள் வரும் என்று வாழ்கிறவர்கள் நடுவில் உருமி வெறும் வாத்தியமாக இருக்க முடியாது. எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எடுக்கும் முன் கோயிலில் ஒரு வார்த்தை சொல்லி, அடிக்கிற தம்பி செருப்பைக் கழற்றி, தொட்டுக் கும்பிட்டு மேடையில் எடுத்தால் அந்த அண்ணன்மார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். தொட்டுக் கும்பிடுவதைக் காட்சியாகவே வைக்கலாம், அது பொய்யும் இல்லையே.

எழுந்து போனவர்கள் எல்லாரும் நாடகத்தைப் பிடிக்காமல் போனவர்களும் கிடையாது. ஞாயிறு இரவு எட்டரைக்கு ஆரம்பித்தீர்கள், விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் நம்ம ஊரில்! என் வரிசையில் மட்டும் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் போனார்கள். கோபத்தில் போனவர், தூக்கத்தில் போனவர், பிள்ளை அழுததால் போனவர், கதவு சாத்தியதால் திரும்ப வர முடியாதவர், எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப் பாதி என்று கணக்கு எழுதக் கூடாது. இன்னொரு வகையும் உண்டு, நம்ம ஊரில் நடக்கவில்லை, நடந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: 1930 மார்ச்சில் லைப்சிக்கில் நாடகாசிரியர் பிரெக்ட்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் போட்ட 'மகாகனி' ஓபராவில் நாஜிகள் திட்டமிட்டு வந்து ரகளை செய்தார்கள். அது ரசிகர் எதிர்வினை இல்லை, அரசியல்.

அதே பிரெக்ட், வைல் ஜோடியிடம் உங்களுக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. 1928 ஆகஸ்ட் 31, பெர்லினில் 'த்ரீபென்னி ஓபரா' முதல் இரவு. முதல் பாட்டுக்கு வைத்திருந்த, கையால் சுற்றி வாசிக்கிற பெட்டி ஆர்கன் சத்தமே எழுப்பவில்லை, கூட்டம் ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. பீரங்கிப் பாட்டு வந்ததும்தான் மண்டபம் தீப்பிடித்த மாதிரி ஆனது, ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ஒரு இடத்தில் கூட்டத்துக்குக் கைப்பிடி கிடைத்தால் அதற்குப் பிறகு எவ்வளவு விசித்திரமானதையும் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் நாடகத்தின் கைப்பிடி பெரட்டுக் காட்சி. அதை எங்கே வைத்தீர்கள்? முக்கால்வாசி முடிந்த பிறகு. போக வேண்டியவர்கள் போன பின்னால். பெரட்டு நடப்பதே விடியும் முன்னால், அன்றைய வேலை அதிலிருந்துதான் தொடங்கும். அதை முதலில் வைத்துவிட்டு மங்குச் சத்தத்தைப் பின்னால் கொண்டுபோங்கள், அந்தப் பத்து நிமிடமும் நிற்கும்.

ரசனை இல்லை என்று பேசுகிற கட்சிக்கு ஒன்று. 1870களில் பார்சி நாடகக் கம்பெனிகள் பினாங்குக்கு வந்து இந்துஸ்தானியில் நாடகம் போட்டன. உள்ளூர்க் கூட்டத்தில் பலருக்கு அந்த மொழியே தெரியாது. ஆனாலும் பாட்டுக்கும் காட்சிக்கும் சொக்கிப்போய், அதே பாணியில் மலாயில் போட ஆரம்பித்து, பங்சவான் என்ற ஒரு நாடக வகையே இந்த நாட்டில் பிறந்தது. புரியாததைப் பார்த்து மிரளுகிற மண் இது இல்லை. தெரியாத மொழியில் இரவு முழுக்க உட்கார்ந்தவர்களின் ஊர்.

அடுத்த முறை மண்டபம் வேண்டாம், கோயில் பக்கத்துத் திடலில் போடுங்கள், சனிக்கிழமையில், பாய் விரித்து. நோட்டீஸில் ஆர்மோனியப் படத்தை எடுத்துவிட்டு நெற்றி விளக்கைப் போடுங்கள், கதை கிடையாது, போய் வரலாம் என்று பச்சையாக எழுதுங்கள். முடிந்ததும் கலைந்து போகாமல் தே தாரே, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், ஊற்றிக் கொடுத்துக் கூட்டத்தைப் பேச விடுங்கள், நீங்கள் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள், பிடிக்கவில்லை என்று சொல்கிறவர் பேச்சை முக்கியமாக. கட்டியக்காரனுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம், தோட்டத்து நாடகங்களில் பபூன் வேஷம் கட்டிய மாமா ஒருவர் மார்க்கெட் பக்கம் வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார், உங்கள் அப்பாவுக்குத் தெரியும். ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போய் முழுக்கப் பார்க்க வையுங்கள், என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள், அவருக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் கூட்டத்திடம் அவரே சொல்லட்டும்.